புது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டா? பிள்ளை நடந்து போற வழியை முதல்ல இப்படி பாருங்க

அமெரிக்காவுக்கு புதுசா வந்து பிள்ளையை பப்ளிக் ஸ்கூல்ல சேர்க்கறவங்களுக்காக எழுதுறேன். ஸ்கூல் ரேட்டிங் பார்த்து வீடு எடுக்கறோம், ஆனா வீட்டு வாசல்ல இருந்து ஸ்கூல் கேட் வரைக்கும் பிள்ளை எப்படி போகும்னு முன்னாடியே யாரும் பார்க்கறதில்ல.

ஸ்டெப் 1: ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (உங்க ஏரியா பப்ளிக் ஸ்கூலை எல்லாம் நடத்துற அமைப்பு) வெப்சைட்ல உங்க அட்ரஸ் போட்டு எந்த ஸ்கூல்னு பாருங்க. அப்புறம் ட்ரான்ஸ்போர்ட்டேஷன் பக்கத்துக்கு போய் உங்களுக்கு பஸ் உண்டா, இல்ல வாக் ஸோனான்னு (பஸ் கிடையாது, பிள்ளை நடந்துதான் போகணும்ங்கற ஏரியா) பார்த்துக்கோங்க. தூரக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். வாக் ஸோன்னு போட்டிருந்தா வழி பத்திரம்னு நினைச்சிடாதீங்க.

ஸ்டெப் 2: ஊரோட பழைய கதையை தேடுங்க. இது எதுக்குன்னு கேப்பீங்க, சொல்றேன். 1939-40ல நாடு முழுக்க 1,17,000 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இருந்துச்சு, இப்போ சுமார் 13,000 தான். ஒரே ரூம்ல நடந்த சின்ன சின்ன ஸ்கூலை எல்லாம் மூடி ஒண்ணா சேர்த்தாங்க, தூரம் கூடிச்சு, பஸ் வேணும்னு ஆச்சு. 1969ல எட்டாவது வரைக்கும் படிக்கற பிள்ளைங்கள்ல 48 சதவீதம் நடந்தோ சைக்கிள்லயோ போனாங்க, 2009ல அது 13 சதவீதம். அதனால நடக்கறவங்களை மனசுல வச்சு போட்ட தெரு எது, காருக்காகவே போட்ட தெரு எதுன்னு தெரிஞ்சா வழி பாதி புரிஞ்சிடும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல சான்போர்ன் மேப்னு பழைய ஃபயர் இன்சூரன்ஸ் மேப் ஃப்ரீயா கிடைக்கும், உங்க ஊர் இருந்தா இப்போ இருக்கற மேப் பக்கத்துல வச்சு பாருங்க, எந்த தெரு பழசு, எது அப்புறம் வந்ததுன்னு தெரியும். ஊர் லைப்ரரிலயும் லோக்கல் ஹிஸ்டரி அலமாரி எங்கன்னு கேளுங்க. ஸ்கூல் பக்கத்துல பிள்ளைங்களை ரோடு தாண்ட வைக்கற கிராஸிங் கார்டுகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க, எந்த முனைல கார் நிக்காம போகும்னு அவங்களுக்கு அத்துப்படி.

ஸ்டெப் 3: இதுதான் முக்கியம். ஞாயித்துக்கிழமை சாவகாசமா இல்ல, ஸ்கூல் நேரத்துலயே பிள்ளையோட நடங்க. எங்க பொண்ணு போற வழில ஒரு திருப்பம், நான் நின்னு பார்த்தா கார் வர்றது தெளிவா தெரியும். அவ உயரத்துக்கு முட்டி போட்டு பார்த்தேன், செடி மட்டும்தான் தெரிஞ்சுது. குப்பை வண்டி வர்ற நாள்ல நடைபாதைல வரிசையா டப்பா நிக்கும், அன்னிக்கு அவ ரோட்டுல இறங்கிதான் போயிட்டிருந்தாள்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அதனால அந்த நாள்லயும் ஒரு தடவை நடந்து பாருங்க.

ஸ்டெப் 4: பஸ்னா ஸ்டாப்புக்கு 5 நிமிஷம் முன்னாடி போங்க, ரோட்டு ஓரத்துல இருந்து 10 அடி தள்ளி பிள்ளை நிக்கட்டும். பஸ்கிட்ட ஏதாவது கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்கவே கூடாது, டிரைவர்கிட்ட சொல்லணும், குனிஞ்ச பிள்ளை டிரைவர் கண்ணுக்கு தெரியாது.

ஸ்டெப் 5: குறை இருந்தா பிரின்சிபாலுக்கு மெயில் போடுங்க. ஆனா ரோடு பெரும்பாலும் சிட்டி இல்லனா கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கைல இருக்கும், அங்கயும் அனுப்பணும். பிள்ளைங்க பத்திரமா நடந்தோ சைக்கிள்லயோ ஸ்கூல் போகணும்னு 2005ல வந்த சேஃப் ரூட்ஸ் டு ஸ்கூல் திட்டம் உங்க ஊர்ல நடக்குதான்னு கேளுங்க. ஸ்கூல் போர்டு (டிஸ்ட்ரிக்ட்டை கவனிக்கற குழு) மீட்டிங்ல பொதுமக்கள் பேசவும் நேரம் உண்டு, கொஞ்ச நிமிஷம்தான் தருவாங்க, அதனால பிள்ளை உயரத்துக்கு முட்டி போட்டு அந்த இடத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து கைல கொண்டு போங்க, தேதியும் நேரமும் அதுல தெரியட்டும்.