டெல்டா அரிசியை ஆன்லைனில் விற்க: முதலில் ஷீட், பிறகு ரீல்ஸ்

மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி என்று பயிரிட்டு அரிசியாக்கி நேரடியாக விற்பவர்கள் பெரும்பாலும் ரீல்ஸில்தான் தொடங்குகிறார்கள். ஒரு வீடியோ நன்றாக ஓடிவிட்டால் யார் பணம் போட்டார், யாருக்குப் பார்சல் போகவில்லை என்பதெல்லாம் சாட்டுக்குள் புதைந்துபோகும். அதனால் கணக்கை முதலில் கட்டுங்கள்.

கூகுள் ஃபார்மில் பெயர், செல் நம்பர், பின்கோடுடன் முகவரி, ரகம், கிலோ, எங்கே பார்த்தீர்கள் என்ற ஆறு கேள்விகள் போதும். ரகத்துக்கு டிராப்டவுன் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது) வையுங்கள். டைப் செய்ய விட்டால் ஒருவர் 'கருப்பு கவுனி' என்பார், இன்னொருவர் 'கவுனி அரிசி' என்பார். ரகவாரியாகக் கிலோ கூட்டும்போது இரண்டும் தனித்தனியாக நிற்கும். செல் நம்பர் கேள்வியில் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' (பதில் சரிபார்ப்பு) திறந்து, எண் 6000000000 முதல் 9999999999 வரை என்று கொடுங்கள். பத்து இலக்கம் மட்டுமே உள்ளே வரும். இது இல்லாமல் '+91' போட்டு இடைவெளி விட்டு எழுதினால், பதில்கள் போய் விழும் கூகுள் ஷீட் அதை ஃபார்முலா என்று எடுத்துக்கொண்டு எரர் காட்டும், நம்பர் கண்ணில் படாது. பெரியவர்கள் ஃபார்ம் நிரப்ப மாட்டார்கள், வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார்கள். அவர்களுக்காக நீங்களே நிரப்பிவிடுங்கள்.

அந்த ஷீட்டில் பணம் வந்த தேதி, பார்சல் நம்பர் என்று இரண்டு பத்திகளைச் சேருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பித் தேதி எழுத வேண்டாம்; வங்கிக் கணக்கில் வரவு பார்த்த பிறகே எழுதுங்கள். இருப்புக்குத் தனி டேப். அதில் நெல் மூட்டைக் கணக்கு உதவாது. உமி, தவிடு, நொய் கழிந்து மில்லிலிருந்து கைக்கு வந்த அரிசிக் கிலோவை எழுதுங்கள். ஷீட்டை வீட்டில் ஒருவருக்கு அவர் மெயிலுக்கே ஷேர் செய்யுங்கள். 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிட்டால் வாடிக்கையாளர் முகவரியெல்லாம் தெருவுக்கு வந்துவிடும்.

அடுத்து வாட்ஸ்அப் பிசினஸ். அதன் கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) ரகத்துக்கு ஒரு படம், ஒரு கிலோ விலை, புழுங்கலா பச்சரிசியா என்பது. தீர்ந்த ரகத்தை மறைத்துவிடலாம், அழிக்கத் தேவையில்லை. புது அறுவடைச் செய்தி சொல்ல குரூப்பை விட, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் நல்லது: ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது, குட் மார்னிங் படங்களும் வராது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 'அனுப்பியும் பதிலே இல்லை' என்ற புலம்பலுக்கு இதுவே பல நேரம் காரணம். பார்சலுக்குள் ஒரு துண்டுச்சீட்டில், சேவ் செய்யச் சொல்லி நம்பரை அச்சிட்டு வையுங்கள்.

இத்தனையும் ஆன பிறகு ரீல்ஸ். இருப்பு டேப்பைப் பார்த்துவிட்டு, கையில் உள்ள ரகத்தை மட்டும் எடுங்கள். செங்குத்தாக, அரை நிமிடத்துக்குள்: முறத்தில் அரிசி, வடித்த சோறு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது. கவுனியை இரவே ஊற வைக்கச் சொல்லாவிட்டால் 'வேகவே இல்லை' என்று புகார் வரும். விலையையும் போட்டுவிடுங்கள், 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்றால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

காசு கொடுத்து ரீலை பூஸ்ட் (விளம்பரம்) செய்வதானால், யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கும் ஆடியன்ஸில் சென்னை, கோவை, பெங்களூரு என்று ஊரை நீங்களே தேர்ந்தெடுங்கள். வயலும் களமும் வைத்திருக்கும் மன்னார்குடிக்காரரிடம் அரிசி விளம்பரம் காட்டிப் பயனில்லை. ஃபார்மின் கடைசிக் கேள்வி அந்தக் காசு திரும்பியதா என்று காட்டிவிடும்.

'சுகர் குணமாகும்' என்று மட்டும் எழுதாதீர்கள். நோய் தீரும் என்று உணவை விளம்பரம் செய்வது சட்டப்படி தவறு. பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.