கயாக்கில் பாஸ் பிடிக்க: எதை வாங்கலாம், நங்கூரத்தை எங்கே கட்டக்கூடாது

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை வாங்கிய முதல் வருடம் நான் மீன் பிடித்ததைவிடக் காற்றோடு சண்டை பிடித்ததுதான் அதிகம். கரையில் நின்று வீசுகிறவனுக்குக் காற்று ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். கயாக்கில் உட்கார்ந்தவனை அது ஆளோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். இது உறைக்காமல் ராட் (தூண்டில் கோல்), லூர் (போலி இரை), பெட்டி, கருவி என்று வாங்கிக் குவித்தேன். அதில் பாதி இப்போது பரணில் கிடக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ராட் வீசவும் முடிச்சுப் போடவும் நீந்தவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன், அதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

பாஸ் என்றதும் சிலர் கொடுவாயை நினைத்துக்கொள்கிறார்கள், அதற்கும் சீ பாஸ் என்று ஒரு பெயர் இருப்பதால் வரும் குழப்பம். நான் சொல்வது லார்ஜ்மௌத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன், குடும்பமே வேறு. வாய் மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மௌத், கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் அதன் பங்காளி ஸ்மால்மௌத். இது துரத்தி வேட்டையாடுவதைவிட ஒளிந்திருந்து பாய்கிற மீன். பாசி ஓரம், விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல் இங்கேதான் கிடக்கும். மோட்டார் படகு உள்ளே வர முடியாத அரை அடித் தண்ணீரிலும் கயாக் சத்தமில்லாமல் நழுவிப் போகும் என்பதுதான் நமக்கு இருக்கும் ஒரே பெரிய அனுகூலம்.

1. கயாக்

மேலே உட்காரும் வகையையே வாங்குங்கள். உடம்பு உள்ளே நுழைந்து உட்காரும் வகை மீன்பிடிக்கு வேண்டாம் என்பது என் கருத்து, அதில் தண்ணீர் புகுந்துவிட்டால் இறைத்தால்தான் வெளியே போகும். மேலே உட்காரும் வகையில் தளத்திலேயே வடிகால் துளைகள் இருக்கும், ஏறிய தண்ணீர் தானாக இறங்கிவிடும்.

நீளம் 10 முதல் 12 அடி, அகலம் 32 முதல் 36 அங்குலம். இதைவிடக் குறுகலானது வேகமாகப் போகும், ஆனால் திரும்பி ஒரு பெட்டியை எடுப்பதற்குள் நெஞ்சு படபடக்கும். தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் உங்கள் எடையும் சாமான் எடையும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். முழு அளவுக்கு ஏற்றினால் மிதக்கத்தான் செய்யும், ஆனால் தளத் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே வந்து நாள் முழுக்க ஈரத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

பெடல் வேண்டுமா? ஹோபி நிறுவனம் 1997இல் மிராஜ் டிரைவ் என்ற பெடல் கருவியைக் கொண்டுவந்ததிலிருந்து, காலால் மிதித்துக்கொண்டே கையால் வீசலாம் என்பது பெரிய ஆசையாகிவிட்டது. உண்மையிலேயே சௌகரியம்தான், காற்றில் ஒரே இடத்தில் நிற்க அதைப்போல வேறு எதுவும் உதவாது. ஆனால் எடை கூடும், ஆழமில்லாத இடத்தில் தட்டும், பாசியைச் சுற்றிக்கொள்ளும். முதல் கயாக்குக்குத் துடுப்பே போதும் என்பேன். அகலமான கயாக்கில் உயரமான இருக்கை என்றால் துடுப்பு 240 முதல் 260 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும், குட்டையாக இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் விரல் கணு கயாக்கின் விளிம்பில் இடிக்கும்.

அப்புறம், வாங்குவதற்கு முன்னால் அதைத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாத கயாக் தண்ணீருக்கே போகாது.

2. விழுந்து பழகுங்கள்

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்திருப்பது கணக்கில் சேராது. முதுகுப் பக்கம் நுரை மேலேயே நின்றுவிடுகிற, கீழே வலை மட்டும் உள்ள மாடலை எடுங்கள், இல்லையென்றால் இருக்கையின் சாய்மானம் ஜாக்கெட்டைக் கழுத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெயில் அடிக்கிறதே என்று உடுத்தாதீர்கள், தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று பார்த்து உடுத்துங்கள்.

முதல் நாள் ராட் எதையும் எடுத்துக்கொள்ளாமல், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். கவிழ்ந்த கயாக்கின் அடிப்பாகத்தின் குறுக்கே எட்டி, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்தால் நிமிர்ந்துவிடும். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, கால் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வருகிற வரை உதைத்து, வயிற்றைக் குறுக்கே ஏற்றுங்கள். நேராக எழுந்து ஏறப் பார்த்தால் மறுபடியும் உங்கள் மேலேயே கவிழும். வயிறு, பிறகு புரண்டு பிட்டம், கடைசியில் கால், இந்த வரிசை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டால் அப்புறம் பயம் தெளிந்துவிடும்.

3. இரண்டே ராட்

முதல் நாள் நான் ஐந்து கொண்டுபோனேன். தாழ்ந்து தொங்கிய ஒரு கிளை அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது, இன்னொன்றின் நுனி முறிந்தது. இப்போது இரண்டு.

ஒன்று 7 அடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பானது), ராடின் மேல்பக்கம் உட்காரும் பெய்ட்காஸ்டர் ரீல், 30 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு. இன்னொன்று கிட்டத்தட்ட அதே நீளத்தில் மீடியம், ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல், 10 முதல் 15 பவுண்டு பிரெய்டு, நுனியில் 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒரு பாக (ஆறடி) நீளத்துக்கு. கயாக்கில் குட்டை ராட் வசதி என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். மீன் படகின் முன்பக்கமாக அடியில் புகுந்து மறுபக்கம் ஓடினால், ராட் நுனியை முன்முனையைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், 6 அடி ராட் அதற்கு எட்டாது. குட்டையாக இருக்க வேண்டியது கைப்பிடிதான். ரீலுக்குப் பின்னால் கைப்பிடி நீளமாக இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் ஜாக்கெட்டில் மாட்டும். வாங்குமுன் ஜாக்கெட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து வீசிப் பார்ப்பது போல ஆட்டிப் பாருங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை.

பிரெய்டு ஏன் என்றால், மீன் கடித்ததும் கரையில் காலை ஊன்றி ராடை வெட்டி இழுப்பது போல இங்கே முடியாது. நீங்கள் வெட்டினால் கயாக் அரை அடி மீனை நோக்கி நகரும், பாதி விசை அதிலேயே போய்விடும். நைலான் நரம்பு நீளும் என்பதால் மிச்ச விசையும் போய்விடும். பிரெய்டு நீளாது. கூடவே முள் கூராக இருக்க வேண்டும், நகத்தின் மேல் வைத்து இழுத்தால் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும்.

லூர் விஷயத்தில் சுருக்கமாக முடிக்கிறேன். பாசியில் மாட்டாதபடி முள் நுனியை ரப்பர் புழுவின் உடம்புக்குள் புதைத்துக் கட்டும் டெக்ஸஸ் ரிக், 3/0 அளவு முள், 5 கிராம் அளவில் தோட்டா வடிவ ஈயம் ஒன்று, இதை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம். கலங்கிய தண்ணீருக்குச் சுழலும் தகடு வைத்த ஒரு ஸ்பின்னர்பெய்ட், பாசிப் படலத்தின் மேல் இழுக்க ஒரு ரப்பர் தவளை. மூன்று முள் சேர்ந்த கொத்து முள் லூர்களை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள், துள்ளுகிற மீனும் உங்கள் தொடையும் ஒரு முழ இடைவெளியில் இருக்கும் இடம் அது. போட்டே ஆக வேண்டும் என்றால் முள்ளின் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.

இதையெல்லாம் வைக்க இருக்கைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பால் கூடை போதும். குறடு, நரம்பு வெட்டி, கத்தி, விசில் நான்கும் மட்டும் ஜாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாத பொருள் கரையில் இருப்பதும் ஒன்றுதான், கயாக்கில் இருப்பதும் ஒன்றுதான்.

4. நங்கூரம், நான் கவிழ்ந்த இடம்

இதை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

நல்ல மரம் ஒன்று விழுந்து கிடந்தது, காற்று என்னை அதன் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரத்தைப் போட்டேன். கயிற்றை எங்கே கட்டுவது? கை எட்டும் இடம் என்று பார்த்து இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த கைப்பிடியில் இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டேன். பத்து நிமிடம் அருமையாக இருந்தது. பிறகு காற்று ஏறியது. கயாக் காற்றுக்குக் குறுக்கே நின்றுவிட்டது, கயிறு விண்ணென்று இறுகியது, அந்தப் பக்க விளிம்பு மெல்ல அமுங்கி முதல் அலை மடியில் வந்து விழுந்தது. முடிச்சை அவிழ்க்கலாம் என்று அதே பக்கம் குனிந்தேன். நனைந்த முடிச்சு, நகம்கூட நுழையவில்லை. அடுத்த அலைக்கு நான் தண்ணீரில் இருந்தேன். ஒரு ராட் போனது, குறடு போனது, கத்தி கூடைக்குள் பத்திரமாக இருந்தது.

என்ன நடந்தது என்றால், முனையில் கட்டிய கயாக் காற்றுத் திசைமானி போலத் தானாகத் திரும்பி, கூரான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டும். நடுவில் கட்டினால் அதற்குத் திரும்ப வழியில்லை. அகலமான பக்கம் முழுவதும் காற்றையும் அலையையும் வாங்கும், கயிறோ அதே பக்கத்தைக் கீழே இழுக்கும். ஆகவே நங்கூரக் கயிறு முன்முனையிலோ பின்முனையிலோதான் நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஒருபோதும் கூடாது. ஆனால் முனைகளுக்குக் கை எட்டாதே?

அதற்குத்தான் ஆங்கர் டிராலி. கயாக்கின் ஒரு பக்க விளிம்போரமாக இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு சிறு கப்பி, அவற்றைச் சுற்றி ஒரு கயிற்று வளையம், கொடிக்கயிறு மாதிரி. அந்தக் கயிற்றில் ஓர் இரும்பு வளையம் கட்டியிருக்கும். நங்கூரக் கயிற்றை அந்த வளையத்துக்குள் கோர்த்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கொடியை இழுத்தால் வளையம் முனைக்குப் போய்விடும். செய்யும் வரிசை: முதலில் நங்கூரத்தை இறக்குங்கள், உடனே வளையத்தை முனைக்கு அனுப்புங்கள், அப்புறம்தான் கயிற்றை இறுக்கி நிறுத்துங்கள். எடுக்கும்போது இதையே தலைகீழாக.

- சிறிய ஏரிக்கு ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது விட வேண்டும், நேர்செங்குத்தாக இறக்கினால் பிடிக்காமல் இழுபடும்.
- கயிற்றை முடிச்சுப் போடாதீர்கள். ஒரு இழுப்பில் விடுபடும் பிடியில் மாட்டுங்கள், கடைசி முனையில் ஒரு மிதவை கட்டுங்கள். பெரிய மீன் மாட்டினால் கயிற்றை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு மீனோடு போகலாம், பிறகு வந்து மிதவையை எடுத்துக்கொள்ளலாம்.
- காற்றை முதுகில் வாங்கி முன்னால் வீச வேண்டும் என்றால் பின்முனையில் நிறுத்தலாம், ஆனால் அலை எழுந்துவிட்டால் முன்முனைக்கு மாற்றிவிடுங்கள்.
- வேகமாக ஓடும் ஆற்றில் நங்கூரமே வேண்டாம். பழகிய ஆட்களையே அது உள்ளே இழுத்திருக்கிறது.

கிளம்பும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பி வரும்போது, கை சோர்ந்த நேரத்தில், அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். நான் இதைத் தலைகீழாகச் செய்து இருட்டிய பிறகு கரை சேர்ந்திருக்கிறேன்.

5. மீன் மாட்டிவிட்டால்

தலை எப்போதும் படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும். எட்டிப் பார்க்காதீர்கள், மீனை உங்களிடம் வரவழையுங்கள். குட்டைக் கைப்பிடியும் ரப்பர் வலையும் உள்ள கைவலை நல்லது, நூல் வலையில் முள் மாட்டினால் அரை மணி நேரம் போய்விடும். பாஸுக்குப் பல் மணல் தாள் மாதிரிதான், கட்டைவிரலைக் கீழ்த்தாடைக்குள் விட்டுத் தூக்கலாம். பெரிய மீனென்றால் தாடையை மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் சாய்க்காதீர்கள், இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள்.

கயாக் போட்டிகளில் பெரும்பாலும் எடை பார்ப்பதில்லை. அளவுப் பலகையில் படுக்கவைத்து, படம் எடுத்து, விட்டுவிடுவார்கள். எடை என்றதும் நினைவுக்கு வருவது: ஜார்ஜ் பெர்ரி 1932இல் ஜார்ஜியாவில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனின் சாதனையை, ஜப்பானின் பிவா ஏரியில் 2009இல் மனாபு குரிடா பிடித்த மீன் முக்கால் அவுன்சுக்கும் மேலாகத் தாண்டியும் சமன் என்றுதான் எழுதினார்கள், ஏனென்றால் முறியடிக்க 2 அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்பது விதி.

பிறகு சேர்த்தது

ராட்களுக்குக் கட்டும் பாதுகாப்புக் கயிறு பற்றிக் கேட்டிருந்தார்கள். பயணத்தின்போது கட்டுங்கள், வீச ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள். கவிழும்போது காலில் சுற்றுவது இதுதான்.

பாசி அடர்ந்த இடத்தில் நங்கூரம் ஒரு கூடைப் பாசியோடு மேலே வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். நாலைந்து அடி ஆழம் வரை நங்கூரத்தை விட்டுவிட்டு, சேற்றில் குத்தி நிறுத்தும் கம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் டிராலி வளையத்தில் கட்டி முனைக்கு அனுப்ப வேண்டும், கம்புதானே என்று பக்கத்தில் குத்தினால் அதே கதைதான்.

இன்னொருவருக்கு டிராலிக் கயிறு நனைந்ததும் தொய்ந்து கப்பியிலிருந்து நழுவுகிறதாம். அது நைலான் கயிறாக இருக்கும், ஈரத்தில் நீளும். பாலியெஸ்டர் கயிறு மாற்றி, ஒரு கப்பியை மட்டும் ஒரு சாண் எலாஸ்டிக் கயிற்றால் கயாக்கில் கட்டிவிடுங்கள், தொய்வை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.