சேலத்துக்குப் புதியவரா? ‘ரோடு’ என்று சொன்னால் எதைச் சொல்கிறார்கள்?

சேலத்தில் வழி கேட்பவர்களை முதலில் குழப்புவது ரோடு என்ற சொல்தான். இந்த வரிசையில் பழகிக்கொள்ளுங்கள்.

படி 1: முன்னால் எண் இருக்கிறதா?

மூன்று ரோடு, நான்கு ரோடு, ஐந்து ரோடு ஆகியவை சாலைகள் அல்ல; அத்தனை சாலைகள் கூடும் இடங்கள். பஸ்ஸில் “ஐந்து ரோடு ஒன்று” என்றால் நடத்துநர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழித்துத் தருவார். இறங்கிய பிறகு “ஐந்து ரோடு எங்கே?” என்று கேட்டால்தான் வம்பு, நீங்கள் நிற்பதே அங்கேதான். “ஓமலூர் போகும் பக்கம் எது?” என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழேயே போக வேண்டுமா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். இன்னொன்று: நாற்சந்தியை நினைத்துக்கொண்டு ‘ஜங்ஷன்’ என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். நேராகச் சூரமங்கலம் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

படி 2: மெயின் ரோடு

முன்னால் இருப்பது பெரும்பாலும் போய்ச்சேரும் இடத்தின் பெயர். ஓமலூர் மெயின் ரோட்டைப் பிடித்தால் ஓமலூர். செர்ரி ரோட்டில் இந்தக் கணக்கு செல்லாது. எவ்வளவு தூரம் போனாலும் செர்ரி என்றொரு ஊர் வராது.

படி 3: பைபாஸ்

வெளியூர் பஸ்ஸில் “பைபாஸில் இறக்கிவிடுகிறோம்” என்றால், கொண்டலாம்பட்டியா சீலநாயக்கன்பட்டியா என்று கேட்காமல் ஏறாதீர்கள். இரவு நேரத்தில் இடம் மாறி இறங்கினால் ஆட்டோவுக்கே பாதிப் பணம் போய்விடும். சொந்த வண்டியில் வந்தால் மைல்கல்லின் தலையைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பெங்களூரு, நாமக்கல் பக்கம் போகிறவர்களுக்கு உரியது தேசிய நெடுஞ்சாலை 44.

படி 4: ஏற்காட்டில்

அடிவாரத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வண்டி நின்றுபோனால் வளைவின் எண்ணைச் சொன்னாலே போதும், உதவிக்கு வருபவர் தேடி அலைய மாட்டார். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குபவர் ஒதுங்க வேண்டும். குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை இருப்பதால், யாரையாவது வழியில் சந்திப்பதாக இருந்தால் எந்தப் பாதை என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் ‘லூப் ரோடு’ என்பார்கள். காப்பித் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கே திரும்பி வரும், ஏறத்தாழ 32 கிலோமீட்டர். புறப்படும் முன் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.