கல்யாணப் பரிசுப் பட்டியல் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணத்துக்கு வீட்டுச் சாமான் கேட்டுப் பரிசுப் பட்டியல், அதாவது கிஃப்ட் ரெஜிஸ்ட்ரி, போடுவது சுலபமான வேலை மாதிரித்தான் தெரியும். ஒரே மிக்ஸியை நாலு பேர் வாங்கி வந்துவிடக் கூடாது, தேவையானதே வரட்டும் என்பதற்குத்தானே அது. ஆனால் பலர் கல்யாண அலைச்சலுக்கு நடுவில், ஒரு சாயங்காலம் கடையின் தளத்தைத் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துப் பட்டியலை முடித்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். குடிபோகப் போகும் வீட்டை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் பட்டியலில் 12 பேருக்கான டின்னர் செட் இருந்தது. விளிம்பில் தங்கக் கோடு போட்ட, 28 சென்டிமீட்டர் அகலத் தட்டுகள். வந்த அன்றே ஆசையாகப் பிரித்து அடுக்கினோம். அலமாரிக் கதவு மூடவில்லை. உள் ஆழம் 27தான். அந்தத் தங்கக் கோடு உலோகப் பூச்சு. மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் நாளடைவில் அழிந்துவிடும். அப்புறம் என்ன, மொத்தமும் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போனது. அதை வாங்கிக் கொடுத்த அத்தை வீட்டுக்கு வந்த அன்று, பெட்டியை இழுத்து, தாளைப் பிரித்து, அவசரமாக நாலு தட்டை மட்டும் கழுவி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

அதனால் பட்டியலைத் திறக்கும் முன் இன்ச் டேப்பை எடுங்கள். அலமாரியின் ஆழம், சிங்கின் நீளம், அடுப்பின் அகலம், மெத்தையின் நீள அகலம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தையின் உயரத்தையும் அளக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எலாஸ்டிக் வைத்த விரிப்பை 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தைத்திருக்கிறார்கள், உங்கள் மெத்தை 35 என்று வைத்துக்கொள்வோம். இரவில் ஒரு தடவை புரண்டு படுத்தால் போதும், மூலை சட்டென்று கழன்று தோளுக்கடியில் சுருண்டு வந்துவிடும். குவீன், கிங் என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள், நாட்டுக்கு நாடு அளவு மாறும்.

விரிப்பில் ‘த்ரெட் கவுண்ட்’ 1000 என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடுமாக ஓடும் இழைகளின் எண்ணிக்கை அது. மெல்லிய இழைகள் பலவற்றை ஒன்றாக முறுக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிக் காட்டினாலே எண் ஏறிவிடும். நல்ல பருத்தியில் 200 முதல் 400 வரை தாராளம். துண்டுக்கு சதுர மீட்டருக்கு 400 முதல் 600 கிராம் எடை சரியாக இருக்கும். 700-க்கு மேல் போனால் கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் காயாது. காற்றோட்டமில்லாத குளியலறையில் ஈர வாடை வந்துவிடும்.

அதிகம் ஏமாறுகிற இடம் சமையலறைதான். ‘12 பாத்திரம் கொண்ட செட்’ என்பதில் மூடிகளையும் சேர்த்தே எண்ணியிருப்பார்கள். தினம் கை போவது மூன்று, நாலு பாத்திரத்துக்குத்தான். அவற்றைத் தனித்தனியாக, நல்ல கனமான அடியோடு கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். வெறும் அலுமினியமோ செம்போ அதில் சூடாகாது. நான்ஸ்டிக் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தேய்கிற பொருள். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும், காலிப் பாத்திரத்தைப் பெரிய தீயில் மறந்துவிட்டால் சில நிமிடத்தில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அதனால் பெரிய பரிசாக அதைக் கேட்காமல் எவர்சில்வரோ வார்ப்பிரும்போ கேட்கலாம். வார்ப்பிரும்பு என்றால் கடையில் ஒரு தடவை ஒரே கையால் தூக்கிப் பாருங்கள். ஈரக் கையோடு அதைச் சாய்த்துப் பிடித்துக் கழுவப் போவது நீங்கள்தான்.

கத்தி செட்டும் இதே கதைதான். 20 சென்டிமீட்டரில் ஒன்று, 9 சென்டிமீட்டரில் சின்னது ஒன்று, ரம்பப் பல் வைத்தது ஒன்று இருந்தால் வீடு நடக்கும். கண்ணாடியில் செய்த வெட்டும் பலகையைக் கேட்காதீர்கள், கத்தியின் கூர்மையை அது தின்றுவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு வேறு நாட்டில் குடியேறுவதாக இருந்தால் மின்சாதனங்களை அங்கே போய் வாங்குவதே நல்லது. சில நாடுகளில் 100–127 வோல்ட், மற்ற இடங்களில் 220–240. சூடாக்கும் சாதனங்கள் அதிக வாட் இழுப்பதால் வோல்ட்டை மாற்றித் தரும் சின்ன கன்வெர்ட்டர் தாங்காது.

கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடும் சாமான்களும் உண்டு. மடக்கு ஏணி, டூல் பாக்ஸ், இஸ்திரிப் பெட்டி, துணி காயப்போடும் ஸ்டாண்ட், முதலுதவிப் பெட்டி எல்லாம் குடிபோன முதல் வாரத்திலேயே தேவைப்படும். தயங்காமல் எழுதுங்கள். இவற்றில் பல விலை குறைந்தவை என்பது இன்னொரு நன்மை. எல்லாமே உசத்தியான பொருளாக இருந்தால், கையில் கொஞ்சமாக வைத்திருக்கும் நண்பர் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுச் சங்கடப்படுவார். யாரையும் அந்த நிலையில் நிறுத்த வேண்டாமே. பெரிய பொருள் ஒன்றிரண்டு வேண்டுமென்றால், பலர் சேர்ந்து பணம் போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பெட்டிகள் வந்ததும் அடுக்கி வைத்துவிடாதீர்கள். மாற்றிக்கொள்ளும் கெடு பல கடைகளில் வாங்கிய தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். கல்யாணக் களைப்பு இருந்தாலும் கண்ணாடி, பீங்கான் பெட்டிகளையாவது வந்த அன்றே பிரித்து விரிசல் பாருங்கள். பிரிக்கும்போதே பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும்; எந்தப் பெட்டி யார் கொடுத்தது என்று உடனே எழுதிவிடுங்கள். மேல்தாளைக் கிழித்துப் போட்ட பிறகு அது ஞாபகம் இருக்காது, நன்றி சொல்ல ஒரு பேர் விட்டுப்போய்விடும்.