இனிப்பு நீர்க் கால் புண் மூடவில்லையா? சிறு துளை அறுவை சிகிச்சைக்குப் போகும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, பின்னர் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் பல ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். இனிப்பு நீர் எனும் நீரிழிவு உள்ளவரின் உள்ளங்காலிலோ விரல் நுனியிலோ வந்த புண் மாதக்கணக்கில் மூடாமல் கிடந்தால், எந்த மருந்தைப் பூசுவது என்று தேடுவதற்கு முன்னால், அந்த இடத்தை எது அழுத்துகிறது என்று கேட்க வேண்டும். உள்ளே துருத்தி நிற்கும் எலும்போ, விரலை வளைத்து இழுக்கும் தசைநாணோ ஒவ்வோர் அடியிலும் அந்தத் தோலைத் தரையோடு வைத்து நசுக்குகிறது. நரம்பு மரத்துப்போன கால் அதை வலியாகச் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே இது நம் லயத்து வீடுகளின் விஷயம்.

முதல் வேலை அளப்பது. வாரம் ஒருமுறை, கட்டுப் பிரிக்கும் நேரத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு 20 சென் காசை, தோலில் படாதவாறு பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். முறையாகக் கட்டுப் போட்டு, காலுக்குப் பாரம் கொடுக்காமல் இருந்தும் நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், அதே சிகிச்சையை அப்படியே நீட்டிக்கொண்டு போவதில் பொருளில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் அந்தப் படங்களைக் காட்டி, எலும்பு மருத்துவ நிபுணரைப் பார்க்க ‘சூராட் ருஜுக்கான்’ எனப்படும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். குடிமக்களுக்குக் கிளினிக்கிலும், அந்தக் கடிதத்தோடு நிபுணரைப் பார்க்கவும் கட்டணம் மிகக் குறைவுதான்.

நிபுணரிடம் போகும்போது வேலைக்குப் போடும் காலணியையும் கையோடு கொண்டுபோங்கள். என் தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அவருடைய பெருவிரலுக்குக் கீழே இருந்த புண்ணுக்குப் பதினான்கு மாதம் கட்டுப் போட்டார்கள். கடல் அட்டையிலிருந்து எடுக்கும் கமாட் எண்ணெயும் மஞ்சளும் வீட்டில் தனியாக நடந்தன. அவர் இறந்த பிறகுதான் அந்த ரப்பர் பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். உள்தட்டில், புண் இருந்த அதே இடத்தில், கட்டைவிரல் அமரும் அளவுக்கு ஒரு குழி விழுந்து, அதன் விளிம்பு கல்லாக இறுகியிருந்தது. கட்டுப் போட்ட எவரும் அந்தப் பூட்ஸைக் கேட்கவில்லை. அந்தத் தொழிலைப் படித்த நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

அழுத்தும் எலும்பையோ நாணையோ சிறு துளை வழியாகச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். ஒன்று, பாதத்துக்கு இரத்தம் போகிறதா என்பது. மருத்துவர் பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார்; கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை ஒப்பிட்டும் பார்ப்பார். இனிப்பு நீர்க்காரர்களின் இரத்தக் குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் அந்தக் கணுக்கால் அளவு பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதால், கால் விரலிலும் அழுத்தம் அளக்கப்பட்டதா என்று கேட்பது உங்கள் உரிமை. இரத்தம் போதவில்லை என்றால், தொடை இடுக்கில் ஊசித்துளை வழியாகக் குழாயைச் செலுத்தி, அடைத்த இரத்தக் குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை முதலில் வர வேண்டும். அதற்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மற்றொன்று கிருமித் தொற்று. மருத்துவர் புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்க்கையில் எலும்பு தட்டுப்பட்டால் எலும்பிலேயே கிருமி இருக்க வாய்ப்புண்டு. அதற்கு எக்ஸ்ரேயும், சில வேளை எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, கறுத்த தோல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சீழ் கட்டிய காலை அகலத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். சிறு துளை அதற்கு உதவாது.

இவை சரியாக இருந்தால், எந்தச் சிறு துளைச் சிகிச்சை என்பதைப் புண் இருக்கும் இடமே சொல்லிவிடும். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது, கொக்கிபோல் வளைந்த விரலின் நுனிப் புண்ணுக்குச் செய்வது. வளைந்த விரலைக் கையால் நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்ந்து கொடுத்தால் இந்தச் சிகிச்சைக்கு அது ஏற்ற விரல். விரலடியில் மரப்பு ஊசி போட்டு, விரலை மேலே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கீழ்ப்புறத்து மடிப்பில் தடித்த ஊசி ஒன்றை நுழைத்து, விரலை மடக்கும் நாணை அதன் முனையால் மெல்ல அறுப்பார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்த ஓர் அம்மாவுக்கு, முப்பது ஆண்டு ரப்பர் பால் வெட்டப் போன கால் அது, இரண்டாம் விரல் ‘டக்’கென்று தளர்ந்து நேரானது, ஊசித்துளையிலிருந்து ஒரு சொட்டு இரத்தம், அதன் மேல் ஒரு சிறிய பஞ்சு, தையல் கிடையாது. விரல் நுனி தரையைக் குத்துவது நின்றுவிட்டதால், இத்தகைய புண்கள் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மூடிவிடுகின்றன. நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டு வல்லுநர் குழுவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதைப் பரிந்துரைக்கிறது.

புண் முன்பாதத்துக்கு அடியில் இருந்தால், முதலில் கழற்ற முடியாத முழங்கால் அளவுக் கட்டுப் போட்டுப் பாரத்தைக் குறைப்பதே முறை. அதிலும் ஆறாவிட்டால், முழங்காலை நீட்டியபடி பாதத்தை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செங்கோணத்துக்கு மேல் பாதம் வரவில்லை என்றால் குதிகால் நாண் இறுகியிருக்கிறது, உடல் பாரம் முன்பாதத்திலேயே விழுகிறது என்று பொருள். அப்போது குதிகாலுக்கு மேலே மூன்று சிறு கீறல் வழியாக நாணைப் பாதிப் பாதியாக அறுத்து நீட்டுவார்கள். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 64 பேரில் அந்த முழங்கால் அளவுக் கட்டு மட்டும் போட்டவர்களுள் 59 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்துக்குள் புண் திரும்பியது. நாணையும் நீட்டியவர்களிடம் அது 15 விழுக்காடாக இருந்தது. ஆனால் அளவுக்கு மீறி நீட்டினால் பாரம் குதிகாலுக்கு மாறி அங்கே புண் வரும், அது மிகவும் பிடிவாதமான புண். ஆகையால் இந்தச் சிகிச்சையைச் செய்து பழகியவரிடமே ஒப்படையுங்கள்.

பாத எலும்பின் தலையே துருத்திக்கொண்டிருந்தால், சில மில்லிமீட்டர் துளை வழியாகச் சிறு துரப்பணத்தை விட்டு, எக்ஸ்ரேத் திரையில் பார்த்தபடி அந்த எலும்பை வெட்டி, தலை மேலே ஏற இடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் திருகாணி போடுவதில்லை. வீக்கம் சில மாதம் இருக்கலாம், எலும்பு கூடுவதும் மெதுவாகத்தான் நடக்கும். இது எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை என்பதால், இங்கே இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள் என்று நேராகவே கேளுங்கள்.

சிகிச்சை நாளுக்கு முன் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரையையும், எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற இனிப்பு நீர் மாத்திரைகளையும் எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் சொல்ல வேண்டும்; தானாக எதையும் நிறுத்தக் கூடாது.

பிறகு வரும் வாரங்களில்தான் பலர் தவறுகிறார்கள். துளை சிறியது என்பதால் மறுநாளே சிலிப்பரைப் போட்டுக்கொண்டு கடைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். மருத்துவர் கொடுத்த காலணியை வீட்டுக்குள்ளும், இரவில் கழிவறைக்குப் போகும்போதும் அணிய வேண்டும். ஓரிடத்துப் பாரத்தை எடுத்தால் அது பக்கத்து விரலுக்கோ பக்கத்து எலும்புக்கோ மாறும்; எனவே தினமும் மாலையில் வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் யாராவது பார்க்க வேண்டும், பேரப்பிள்ளையின் கண்கள் இதற்கு மிக நல்லவை. தோல் வெப்பமானி கிடைத்தால் இரு பாதங்களிலும் ஒரே இடத்தை அளந்து பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். புண் மூடிய ஓராண்டுக்குள் பத்தில் நான்கு பேருக்கு அது திரும்புகிறது.

தைப்பூசத்துக்கு வெறுங்காலில் தார்ச்சாலையில் நடக்கவோ, திருவிழாவில் தீமிதிக்கவோ நேர்ந்துகொண்டவர்கள், புண் மூடியிருந்தாலும் அந்த நேர்த்தியை வேறு விதமாகச் செலுத்தக் கோயிலில் பேசிக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளில் பழைய பூட்ஸைத் தொடாதீர்கள். புதியதை வாங்கி, ஒவ்வொரு நாள் காலையிலும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே காலை நுழையுங்கள்.