ரிப்பரா, டெக்சஸ் வீனரா? வடக்கு ஜெர்சியில் ஹாட் டாக் சண்டை போடுவது எப்படி

நியூ ஜெர்சியின் வடக்குப் பக்கம் எந்த ஆபீஸிலும் மதிய இடைவேளையில் "இங்கே நல்ல ஹாட் டாக் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை வாயே திறக்காத அக்கவுண்ட்ஸ் ஆள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். நம் ஆட்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விடுகிறார்கள். நான் போவதில்லை. சொந்த ஊர் நாகர்கோவில், அதனால் மாட்டுக்கறியும் புதிதில்லை, சாப்பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் பேசுவதும் புதிதில்லை. வேலை செகாகஸில், வீடு ஜெர்சி சிட்டியில். இந்த வட்டாரத்துப் பர்கர், ஹாட் டாக் கடைகளைப் பற்றி எப்படி வாதாடுவது, ஒரு கடையை "ஓவர் பில்டப்" என்று சொல்ல நமக்கு எப்போது உரிமை வருகிறது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் வகை பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே நடக்கும் சண்டைகளில் பாதி, ஒரு வகையை இன்னொரு வகையின் அளவுகோலால் அளப்பதில் வருவதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் தள்ளுவண்டியில் வெந்நீரில் மிதப்பது ஒரு ரகம். அதை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். வடக்கு ஜெர்சிக்கு என்று மூன்று ரகம் உண்டு, மூன்றுமே எண்ணெயில் பொரிபவை.

முதலாவது ரிப்பர். கிளிஃப்டனில் ரிவர் ரோட்டில் இருக்கும் ரட்ஸ் ஹட் கடைதான் இதற்குத் தலைமைப் பீடம். 1928இல் சாலையோரக் கடையாகத் தொடங்கியது. மாடும் பன்றியும் கலந்த சாசேஜை அப்படியே எண்ணெய்ச் சட்டியில் போடுகிறார்கள். சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு நேரம் சட்டியில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் ஆர்டர் சொல்ல வேண்டும்: சும்மா முக்கி எடுத்தால் இன் அண்ட் அவுட்டர், தோல் கிழிந்ததும் எடுத்தால் ரிப்பர், இன்னும் முறுகினால் வெல்லர், கருகவே விட்டால் கிரிமேட்டர். புதிதாகப் போகிறவர்கள் பெயர் பிடித்துப்போய் கிரிமேட்டர் வாங்கி போட்டோ எடுக்கிறார்கள். அப்புறம் "கரிக்கட்டையைத் தின்ன மாதிரி இருக்கு, ஓவர் பில்டப்" என்று குரூப்பில் எழுதுகிறார்கள். இந்தத் தீர்ப்பு செல்லாது. பேசப் போவது ரிப்பரைப் பற்றி என்றால் சாப்பிட வேண்டியதும் ரிப்பர்தான்.

சாப்பிடும்போது பார்க்க வேண்டிய இடம் அந்தக் கிழிசல். கிழிந்த ஓரம் இரண்டு பக்கமும் சுருண்டு பழுப்பாக மொறுமொறுவென்று இருக்க வேண்டும். கிழியாத பக்கத்தில் தோல் பல்லுக்கு 'டப்' என்று விட வேண்டும். நடுவில் சாறு இன்னும் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே கடியில் வந்தால் சட்டியின் சூடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் சூடு குறைந்திருந்தால் கிழிசலுக்குள் எண்ணெய் தங்கி, பன்னின் அடிப்பக்கம் கண்ணாடித்தாள் போல ஆகிவிடும். அப்புறம் அந்த மஞ்சள் ரெலிஷ். முட்டைக்கோஸ், கேரட், கடுகு எல்லாம் சேர்ந்த ஒரு கலவை, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பக்குவம் என்னவென்று கடைக்காரர்கள் சொல்வதில்லை. முதல் கடியை ரெலிஷ் இல்லாமல் கடியுங்கள், இரண்டாவதை அதோடு. ரெலிஷ் நன்றாக இருப்பதும் ஹாட் டாக் நன்றாக இருப்பதும் தனித்தனி விஷயம். எதிராளி இரண்டையும் குழப்பினால் அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது டெக்சஸ் வீனர். டெக்சஸ் மாநிலத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1920களில் பேட்டர்சன் நகரத்தில் கிரேக்கக் குடியேறிகள் நடத்திய கடைகளில் பிறந்தது. பொரித்த ஹாட் டாக்கின் மேல் மஸ்டர்ட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கடைசியாக நீர்த்த ஒரு கறிச் சாஸ், இந்த வரிசையில் போட வேண்டும். மூன்றும் வேண்டும் என்றால் "ஆல் தி வே" என்று சொன்னால் போதும். அந்தச் சாஸ்தான் இதன் உயிர். கைமாவை மசாலாவில் வேகவிட்டது, பட்டை வாசனை லேசாக அடிக்கும். முதல் முறை சாப்பிட்டபோது பரோட்டாக் கடையில் சால்னா வாளியைத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. கிளிஃப்டனில் லெக்சிங்டன் அவென்யூவில் இருக்கும் ஹாட் கிரில் 1961லிருந்து இதைப் போடுகிறது. பேட்டர்சனில் பெரிய அருவிக்குப் பக்கத்தில் 1936இல் தொடங்கிய லிபீஸ் லஞ்ச் இப்போது இல்லை.

இல்லாத கடை என்றதும் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். மூடிப்போன கடைகளைப் போட்டியில் சேர்க்கக் கூடாது. பேட்டர்சனிலேயே பிறந்து வளர்ந்த என் சக ஊழியர் ஒருவர், தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் "நீ லிபீஸ்ல சாப்பிட்டிருக்கணும்" என்று ஆரம்பிப்பார். அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? இன்றைக்கு வண்டியை எடுத்துப் போய் வாங்கக்கூடியதைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ரிப்பரைப் பற்றி அவர் கட்சி என்ன தெரியுமா? "சாஸ் வைக்கத் தெரியாதவங்க செய்றது." நான் திருப்பிக் கேட்பது: சாஸை வழித்துவிட்டு உங்கள் ஹாட் டாக்கை வெறுமனே சாப்பிடுவீர்களா? இதுவரை நேரான பதில் வரவில்லை.

மூன்றாவது இத்தாலியன் ஹாட் டாக். நெவார்க்கில் 1932இல் ஜிம்மி பஃப்ஸ் ஆரம்பித்து வைத்தது. வட்டமான பீட்சா பிரெட்டை வெட்டி, அதன் வயிற்றைப் பிளந்து, பொரித்த மாட்டிறைச்சி ஹாட் டாக், மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் திணித்துத் தருவார்கள். வட்டத்தில் கால் பங்கு என்றால் சிங்கிள், அரை வட்டம் என்றால் டபிள், அதில் இரண்டு ஹாட் டாக் இருக்கும். இதில் சாசேஜைவிட உருளைக்கிழங்கைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியே சிவந்து உள்ளே மாவாக இருந்தால் கடை தேறியது. வாகனம் ஓட்டிக்கொண்டே இதைச் சாப்பிட நினைக்காதீர்கள், சட்டை போய்விடும்.

சரி, பர்கருக்கு வருவோம். இங்கே சண்டை ஒரே வரியில் அடங்கும்: ஹேக்கன்சாக் மன்னாவா, ஜெர்சி சிட்டி மனாவா? வைட் மன்னா, வைட் மனா என்று இரண்டு கடைகள், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆதியில் ஒரே உரிமையாளரிடமிருந்து பிரிந்தவை. ஜெர்சி சிட்டியில் டொனெல் அவென்யூவில் இருப்பது 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்திருந்த டைனர், அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடைக் கட்டடம். 1946இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதே ஊரின் நெவார்க் அவென்யூவில் மளிகை வாங்கப் போகும் நம் ஆட்களுக்கு அங்கிருந்து காரில் சில நிமிடம்தான். ஆனாலும் உள்ளே நுழைந்து பார்த்த தமிழர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. ஹேக்கன்சாக் கடையும் அதே 1946ஐச் சேர்ந்தது, ரிவர் ஸ்ட்ரீட்டில்.

ஹேக்கன்சாக் கடைக்குப் போனால் கறி வாட்டும் கல்லுக்கு நேர் எதிரே இடம் பிடியுங்கள். கடையே ஒரு பேருந்து நிழற்குடை அளவுதான், வளைந்த கவுன்டரைச் சுற்றிக் கொஞ்சம் ஸ்டூல்கள். கல்லும் சின்னது. கல்லில் நிற்பவர் கறி உருண்டைகளை வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றின் மேலும் இழைஇழையாக வெட்டிய வெங்காயத்தை ஒரு பிடி அள்ளிப் போட்டு, கரண்டியால் அழுத்துவார். வெங்காயம் கறிக்குள்ளேயே புதைந்துவிடும். திருப்பிப் போட்டதும் அந்த வெங்காயம் கல்லில் பட்டுச் சிவக்க ஆரம்பிக்கும். மேலே சீஸ், அதற்கு மேல் சின்ன உருளைக்கிழங்கு பன். வெங்காயத்திலிருந்து எழும் ஆவியிலேயே பன் வெந்து பூப்போல ஆகிவிடும். காகிதத் தட்டில் ஊறிய வெள்ளரித் துண்டுகளோடு வரும்போது சாஸ் எதையும் தேடாதீர்கள். வெங்காயம் கறியோடு ஒட்டியிருக்கிறதா, தனியாக வழுக்கி விழுகிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் அழுத்திய கை பழகிய கை.

என் தீர்ப்பு: பர்கருக்கு ஹேக்கன்சாக், கட்டடத்துக்கு ஜெர்சி சிட்டி. இதை ஒத்துக்கொள்ளாதவர்களிடம் கேளுங்கள், நீங்கள் பாராட்டுவது வரலாற்றையா, வாயில் போனதையா என்று. வரலாற்றைத்தான் என்றால் அதுவும் நியாயமே, ஆனால் அது வேறு போட்டி. நெவார்க்கின் க்ரக்ஸ் டாவர்ன் மாதிரி மதுக்கடைகளில் கிடைக்கும் கனத்த பர்கரையும் இந்தக் குட்டிப் பர்கரோடு ஒப்பிடக் கூடாது. அங்கே கறி நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

இனி 'ஓவர் பில்டப்' குற்றச்சாட்டு. இதைச் சொல்வதற்கு முன்னால், பில்டப் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர்களா, டிவியா, பத்துக் கடைப் பட்டியல் போடுகிறவர்களா? ஃபோர்ட் லீயில் 1932லிருந்து நடக்கும் ஹைரம்ஸ் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லியோனியாவில் வளர்ந்த ஆண்டனி போர்டெய்னுக்கு, டிவியில் ஊர் ஊராகச் சாப்பிட்டுக் காட்டிய அந்தச் சமையல்காரருக்கு, அது சின்ன வயதுக் கடை. அவர் மறைவுக்குப் பிறகு 2019இல் நியூ ஜெர்சி அரசு அவர் பெயரில் அறிவித்த உணவுப் பாதையிலும் அது இருக்கிறது. "போர்டெய்னே சொன்னார்" என்று ஒருவர் முடித்தால் அது வாதமாகாது. "போர்டெய்ன் சொன்னதால்தான் கூட்டம்" என்று இன்னொருவர் முடித்தாலும் ஆகாது. அவர் சொல்வதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே கடை ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டியில் என்ன நடக்கிறது என்பதற்கு வாருங்கள்.

அடுத்தது, போன நேரம். சனிக்கிழமை மதியம் கூட்டத்தில் நின்று வாங்கியது சுமாராக இருந்தால் அவசரத்தில் சுமாராகியிருக்கலாம். வார நாளில் மூன்று மணி வாக்கில் போனால் சட்டியில் பொரித்து வைத்தது கிடந்து சுமாராகலாம். இரண்டு வேளையும் போய்ப் பார்த்தவர்தான் பேசலாம். டெலிவரியில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் பேசவே விடுவதில்லை. ரிப்பர் பெட்டிக்குள் இருபது நிமிடம் இருந்தால் மொறுமொறுப்பு முழுக்க ஆவியிலேயே போய்விடும்.

"முன்ன மாதிரி இல்ல" என்பது எதிர்த்தரப்பின் கடைசி அஸ்திரம். என்ன மாறியது என்று குறிப்பாகக் கேளுங்கள். எண்ணெயா, பன்னா, சாசேஜ் வாங்கும் இடமா, கல்லில் நிற்கும் ஆளா? ஏதாவது ஒன்றைச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், சில சமயம் உண்மையும் இருக்கும். ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்றால் மாறியது அவருடைய வயதுதான். அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம், காபி வாங்கிக் கொடுங்கள்.

எனக்கென்று ஒரு ஓவர் பில்டப் பட்டியல் இருக்கிறது. அதில் பழைய கடைகள் ஒன்றுமில்லை, எல்லாம் ஆற்றங்கரையில் மன்ஹாட்டனைப் பார்த்தபடி இருக்கும் 20 டாலருக்கு மேற்பட்ட பர்கர்கள். பெயர் சொல்லவில்லை. வெண்ணெய் பன், மரப்பலகை, சின்ன இரும்பு வாளியில் பிரெஞ்ச் ஃப்ரைஸ் என்று வரும். உயரம் ஒரு சாண் இருப்பதால் வாய்க்குள் போகாது. குச்சியை உருவியதும் சரிகிறது. இரண்டாவது கடியிலேயே அடிப்பன் ஊறிக் கிழிகிறது. அப்புறம் கத்தியும் முள்கரண்டியும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கையால் சாப்பிடுவதற்காகச் செய்த ஒன்றைக் கையால் சாப்பிட முடியாமல் செய்துவிட்டு அதற்கு ஜன்னலோரக் காட்சியையும் சேர்த்து பில் போடுகிறார்கள்.

சண்டையை ஒரே நாளில் தீர்க்க வேண்டுமென்றால் கிளிஃப்டனில் ஆரம்பியுங்கள். ரட்ஸ் ஹட்டும் ஹாட் கிரில்லும் ஒரே ஊர், காரில் கொஞ்ச நேரம்தான். ரிப்பரை முதலில் சாப்பிட வேண்டும். டெக்சஸ் சாஸ் நாக்கில் ஏறிவிட்டால் அதற்குப் பின் வெறும் ஹாட் டாக் சப்பென்றுதான் இருக்கும். பேட்டர்சன்காரர்கள் தந்திரமாக வரிசையை மாற்றப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஆளுக்கு ஒன்று போதும், ஃப்ரைஸ் பக்கமே போக வேண்டாம். ஹேக்கன்சாக்கைக் கடைசியில் வையுங்கள். ரட்ஸ் ஹட்டில் உட்கார்ந்து சாப்பிடும் அறையும் இருக்கிறது, ஆனால் நின்று சாப்பிடும் பக்கத்துக்கே போங்கள், சட்டியிலிருந்து கைக்கு வரும் தூரம் குறைவு. கையில் ரொக்கம் வைத்திருங்கள், இந்த மாதிரிப் பழைய கடைகளில் கார்டை நம்பிப் போகக் கூடாது.

கூட வருபவர்களில் மாடு சாப்பிடாதவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடிசனிலிருந்து வரும் என் நண்பன் ஒருவன், "எலே மக்கா, நான் சும்மா ஃப்ரைஸ் தின்னுக்கிடுதேன்" என்று கிளம்பி வந்தான். ஜெர்சி டைனர்களில் ஃப்ரைஸ் மேல் ஊற்றும் பழுப்பு கிரேவி பெரும்பாலும் மாட்டுச் சாறுதான். டெக்சஸ் சாஸிலும் மாட்டுக் கைமாதான். ரிப்பரில் மாடும் பன்றியும் இரண்டுமே இருப்பதால் ஹலால் பார்ப்பவர்களுக்கும் ஆகாது. சைவக்காரர்கள் கிரேவி ஊற்றாத ஃப்ரைஸ், வெங்காய வளையம், சீஸ் சாண்ட்விச் என்று கேட்கலாம், ஆனால் அதே எண்ணெயில்தான் பொரிக்கிறார்களா, அதே கல்லில்தான் வாட்டுகிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் வருகிறவரிடம் கார் சாவியைக் கொடுத்து, மார்க் போடும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுங்கள்.