பல் கட்டப் போகிறீர்களா? முதலில் பக்கத்துப் பல்லைப் பாருங்கள்

கீழ்த் தாடையில் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு நான்கு வருடம் சும்மா இருந்தவன் நான். வெளியே தெரியாத பல்தானே, இன்னொரு பக்கம் மென்றால் போயிற்று என்ற நினைப்பு. கடைசியில் பல் கட்டப் போனபோது டாக்டர் என் பற்களின் மாவு அச்சை மேசையில் வைத்து, மேலும் கீழும் சேர்த்துக் காட்டினார். காலி இடத்துக்குப் பின்னால் இருந்த பல் முன்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நேர் மேலே இருந்த பல் அந்த இடைவெளிக்குள் இறங்கி வந்திருந்தது. "ஒரு பல்லுக்கு வந்தீங்க, இப்ப மூணு பல்லைப் பத்திப் பேசணும்" என்றார்.

அந்த நிலைக்குப் போகுமுன் நீங்கள் பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கட்டத்தான் வேண்டுமா?

ஞானப்பல் போயிருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு யாரும் பல் கட்டுவதில்லை. ஜப்பானில் 1989 முதல் '80 வயதில் 20 பல்' என்று ஓர் இயக்கமே நடக்கிறது. சொந்தப் பல் இருபது இருந்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் மென்று சாப்பிட்டுவிடலாம் என்பது கணக்கு. அதனால் போன ஒவ்வொரு பல்லுக்கும் மாற்று வைத்தே ஆக வேண்டும் என்றில்லை.

ஆனால் முன்பல்லோ, ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல்லோ போனால் தள்ளிப்போடாதீர்கள். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்கும். அதிகமாகக் கரைவது முதல் ஒரு வருடத்தில்தான்.

படி 2: கண்ணாடியும் டார்ச்சும்

இதை வீட்டிலேயே செய்யலாம். காலி இடத்துக்கு இரு பக்கமும் உள்ள பற்களை நன்றாகப் பாருங்கள். நாளைக்கு டாக்டர் எடுக்கும் முடிவில் பாதி இந்த இரண்டு பற்களிடம் இருக்கிறது.

இரண்டும் சொத்தை, அடைப்பு (ஃபில்லிங்) எதுவும் இல்லாத நல்ல பற்களா? அப்படியானால் அவற்றைச் செதுக்கி பிரிட்ஜ் (இரு பக்கப் பற்களையும் பிடித்து நிற்கும் பல்) போட எனக்கு மனசு வராது. செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. இம்ப்ளாண்ட் (எலும்பில் ஸ்க்ரூ வைத்துக் கட்டும் பல்) அல்லது கழற்றி மாட்டும் பல் பற்றிக் கேளுங்கள்.

ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்தவையா, பெரிய அடைப்பு உள்ளவையா? எப்படியும் கேப் (பல்லை மூடும் உறை) போட வேண்டியிருக்கும் பற்கள்தான். அங்கே பிரிட்ஜ் நல்ல பொருத்தம்.

விரலால் அசைத்தால் ஆடுகிறதா? முதலில் ஈறு வைத்தியம், மற்றதெல்லாம் அப்புறம். காலி இடத்துக்குப் பின்னால் பல்லே இல்லையா? வழக்கமான பிரிட்ஜ் நிற்காது. பாலத்துக்கு இரண்டு கரையும் வேண்டுமே.

படி 3: உடம்பையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்

சுகர் இருந்தால் மூன்று மாத சராசரி அளவு (ஹெச்பிஏ1சி) எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சுகரும் சிகரெட்டும் இம்ப்ளாண்டுக்கு ஆகாதவை. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால், கழுத்து, தாடைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 4: மூன்று வழிகள்

*கழற்றி மாட்டும் பல்.* செலவு குறைவு, பக்கத்துப் பல்லுக்குச் சேதமும் பொதுவாக இல்லை. அக்ரிலிக், வளையும் வகை, உலோகச் சட்டம் வைத்தது என்று கிடைக்கிறது. பல பற்கள் போனவர்களுக்கு உலோகச் சட்டம் உறுதியானது. ராத்திரி கழற்றி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். முதல் சில நாள் 'ச' வருகிற இடமெல்லாம் விசில் அடிக்கும். என் மாமனார் தினமும் பத்து நிமிடம் பேப்பரைச் சத்தம்போட்டுப் படித்தே அதைச் சரிசெய்தார். அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் பல்லைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரமாக வைத்தார். கை கழுவிவிட்டு வருவதற்குள் இலையோடு அதுவும் போய்விட்டது. கையோடு ஒரு சின்ன டப்பா வைத்துக்கொள்வது நல்லது.

*பிரிட்ஜ்.* இரு பக்கப் பற்களையும் சுற்றிலும் செதுக்கி, மூன்று கேப்களை ஒரே துண்டாக ஒட்டுவார்கள். நடுவில் இருப்பதுதான் புதுப் பல். அறுவை இல்லை. இரண்டு மூன்று தடவை போனால் வேலை முடியும். நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து வருடம் வரும். கேப்புக்கு அடியில் சொத்தை விழுந்தால்தான் வம்பு. வெளியே தெரியாது, தெரியும்போது மொத்தத்தையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

*இம்ப்ளாண்ட்.* எலும்புக்குள் டைட்டானியம் ஸ்க்ரூ, அதன் மேல் கேப். சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முயலின் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே தொடங்கி, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அந்த எலும்புப் பிடிப்புக்குத்தான் உங்களையும் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் காக்க வைக்கிறார்கள். பக்கத்துப் பல்லைத் தொடுவதில்லை என்பது இதன் பெரிய பலம். எலும்பு போதாவிட்டால் எலும்புப் பொடி வைக்க நேரிடும். சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் ஸ்க்ரூவே ஆடிவிடும். தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குப் பொதுவாக வைப்பதில்லை.

படி 5: கேட்டு எழுதி வாங்குங்கள்

"இம்ப்ளாண்ட் இவ்வளவு" என்று சொல்லும் தொகை சில இடங்களில் ஸ்க்ரூவுக்கு மட்டும். ஸ்கேன், எலும்புப் பொடி, மேல் கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்க்ரூவின் கம்பெனி, மாடல், அளவு உள்ள அட்டையையும் வாங்கி வையுங்கள். பின்னாளில் வேறு ஊரில் பழுது பார்க்க அது இல்லாமல் திண்டாடுவீர்கள். இன்னொரு கேள்வி: "இதை அப்படியே விட்டால் என்ன ஆகும்?" பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் போங்கள்.

பணம் இடித்தால், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களை விசாரியுங்கள். மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர்கள் மேற்பார்ப்பார்கள். நாலைந்து தடவை அலைய நேரம் இருந்தால் செலவு நன்றாகக் குறையும்.

சரி, நான் என்ன செய்தேன்? சாய்ந்த பல்லில் ஏற்கெனவே பெரிய அடைப்பு, முன்னால் இருந்ததில் வேர் சிகிச்சை. அதனால் பிரிட்ஜ். மேலிருந்து இறங்கிய பல்லையும் கொஞ்சம் தேய்த்து மட்டமாக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கேப்புக்கு அடியில் விட்டு இழுக்க ஒரு நூல் சுருள் கொடுத்தார்கள். இதெல்லாம் எதற்கு, பிரஷ்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். முதல் நாள் ராத்திரி நன்றாகத் தேய்த்த பிறகு சும்மா விட்டுப் பார்த்தால், மதியம் சாப்பிட்ட சாம்பாரின் கறிவேப்பிலைத் துண்டு நூலோடு வந்தது.